மேயும் ஷாலும்

இருபத்தாறு வருஷம் நான் பார்த்த வேலையைச் சொந்தக்காரர்களுக்குப் புரியும்படி சொல்ல என்னால் முடிந்ததே இல்லை. என் மாமியார், "மாப்பிள்ளை பிரிண்டிங் பிரஸ்ல இருக்காரு" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கல்யாண வீடுகளில் ஆளாளுக்கு வந்து பத்திரிகை அடிக்க என்ன ரேட் என்று கேட்பார்கள். நான் பார்த்தது காப்பி எடிட்டிங். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேராசிரியர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் அச்சுக்குப் போகும் முன் சென்னைக்கு வரும். நாங்கள் திருத்தி, பக்கம் கட்டி, திருப்பி அனுப்புவோம். சென்னையில் இந்த வேலையைச் செய்யும் கம்பெனிகள் நிறைய. வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்த ஊரப்பாக்கத்துக்காரன் ஒருவன், ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களின் ஆங்கிலத்தைத் திருத்துகிறான் என்றால் யார் நம்புவார்கள்? பத்திரிகை அடிக்கிறவன் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காலையில் ஒரு மின்சார ரயில், ராத்திரி ஒரு மின்சார ரயில், நடுவில் காற்புள்ளியும் அரைப்புள்ளியும்.

வேலையில் சேர்ந்த அன்று கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். குழப்பம் தரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியல். ஜோடி ஜோடியாக இருக்கும். அஃபெக்ட், எஃபெக்ட். முதலாவது பெரும்பாலும் வினை, இரண்டாவது பெரும்பாலும் பெயர். ஆனால் எஃபெக்ட் வினையாகவும் வரும், அப்போது ஒன்றை உண்டாக்குவது என்று பொருள். பிரின்சிபல் என்ற ஒலிக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்: ஒருவர் கல்லூரி முதல்வர், மற்றது கொள்கை. காம்ப்ளிமென்ட் நடுவில் 'ஐ' வந்தால் பாராட்டு, 'ஈ' வந்தால் ஒன்றை நிறைவாக்குவது. எனக்குப் பிடித்த ஜோடி டிஸ்க்ரீட். இரண்டு 'ஈ'க்கும் நடுவில் 'டி' புகுந்து பிரித்து நின்றால் தனித்தனியானது என்று அர்த்தம். இரண்டு 'ஈ'யும் ஒட்டிக்கொண்டிருந்தால் வாயைக் காக்கத் தெரிந்த ஆள்.

இந்த ஜோடிகளில் அதிகம் வழுக்கி விழுந்தவர்கள் வெள்ளைக்காரர்கள்தான். அவர்கள் ஆங்கிலத்தைக் காதால் கற்றவர்கள்; ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்கள் கை வேகத்தில் இடம் மாறிவிடும். நாம் கண்ணால் கற்றவர்கள். எழுத்துக்கூட்டலை உருப்போட்டுத்தான் சொல்லே நமக்குள் நுழைந்தது. ஆகவே நமக்குக் குழப்பம் வேறு இடத்தில் வரும். பெயராக வரும் அட்வைஸுக்கும் வினையாக வரும் அட்வைஸுக்கும் கடைசி ஒலி வேறு. நம் வாயில் இரண்டும் ஒன்றுதான். விலையும் பிரைஸ், பரிசும் பிரைஸ். தொலைப்பதும் லூஸ், தளர்ந்திருப்பதும் லூஸ். தமிழில் எழுதினால் பையும் பேக், முதுகும் பேக். எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் ஒருவர் "லிஃப்ட் அருகே பேக் காணவில்லை" என்று போட்டதற்கு, "முதுகைத் திருப்பிப் பாருங்கள் சார்" என்று பதில் வந்தது.

பொருளில் வரும் குழப்பமும் உண்டு. வகுப்பில் கை தூக்கி "சார், ஒரு டவுட்" என்கிறோம். நாம் கேட்க வந்தது கேள்வி. தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல் புரியாததற்கும் நம்பாததற்கும் சேர்த்து உழைக்கிறது. ஆங்கிலத்தில் டவுட் நம்பாமையின் பக்கம் சாய்ந்தது. கூட்டம் முடிந்ததும் நம் ஆள் ஒருவர் எழுந்து உங்கள் பேச்சில் எனக்கு ஒரு டவுட் என்றால், வெளிநாட்டுப் பேராசிரியருக்கு முகம் லேசாகச் சுருங்கும்.

இதிலெல்லாம் தப்பு நேர்ந்தால் போவது கொஞ்சம் மானம். வேறொன்றும் போவதில்லை. இப்போது அதுவும் போவதில்லை, கம்ப்யூட்டரே அடியில் சிவப்புக் கோடு போட்டுவிடுகிறது. ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கும் தம்பி ஸ்டேஷனரியில் 'ஈ' போட வேண்டிய இடத்தில் 'ஏ' போட்டு, பேனா பென்சில் கடையை நகராத கடையாக்கிவிட்டால், நோட்டு வாங்க வருகிற பிள்ளைகள் யாரும் திரும்பிப் போகப் போவதில்லை.

எந்தக் கம்ப்யூட்டரும் கோடு போடாத ஒரு ஜோடி அந்தத் தாளில் இல்லை. மே, ஷால். எழுத்துக்கூட்டலில் தப்பு வராது, இலக்கணத்திலும் தப்பு வராது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தாலும் வாக்கியம் அப்படியே நிற்கும். மாறுவது யாருக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டும்தான்.

மே பற்றி எங்கள் வேலையில் வாய்வழியாக ஒரு விதி இருந்தது. இந்த மருந்து உதவலாம் என்று எழுதியிருப்பதை உதவும் என்று திருத்திவிடக் கூடாது. மொழி அழகாகும், அறிவியல் பொய்யாகிவிடும். எங்கே ஐயம் வந்தாலும் பக்கத்தின் ஓரத்தில் எழுதியவருக்கு ஒரு கேள்வி வைக்க வேண்டும். அதை ஏ.க்யூ. என்போம். "இங்கே மே என்பதே உங்கள் கருத்தா? உறுதிசெய்யவும்." பணிவான கேள்விதான். பதில் வராமல் பக்கம் அச்சுக்குப் போகாது.

ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, அடுக்ககத்தில் ஆங்கிலக் காகிதம் எது வந்தாலும் என்னிடம் வரத் தொடங்கியது. பேங்க் கடிதம், இன்ஷூரன்ஸ், பிள்ளைகளின் வேலை ஆர்டர். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு இன்னொரு வகைக் காகிதமும் சேர்ந்துகொண்டது. வண்டலூர் முதல் கூடுவாஞ்சேரி வரை எங்கே பார்த்தாலும் புதுக் கட்டடங்களின் விளம்பரப் பலகைகள். வாடகைக்கு இருந்தவர்கள் எல்லாம் சொந்த வீட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். பில்டர்களின் விற்பனை ஒப்பந்தங்கள் என் மேஜைக்கு வந்தன.

மேல் மாடியில் குடியிருந்த பெண் ஒருநாள் தன் ஒப்பந்தத்தோடு வந்தார். திண்டிவனம் பக்கத்துக்காரர். ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. கல்யாண நகையில் பாதியை விற்று அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். முப்பத்திரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துக் குடுங்க சார். பேர்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்தா லோன் கெடைக்காதுன்றாங்க."

பெயர்கள் சரியாக இருந்தன. சர்வே எண்ணும் பத்திரத்தோடு ஒத்துப்போனது. பிறகு பழக்கதோஷத்தில் இரண்டு பேனா எடுத்துக்கொண்டேன். ஷால் வரும் இடமெல்லாம் சிவப்பு, மே வரும் இடமெல்லாம் நீலம். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் படம் தெளிவாகிவிட்டது. வாங்குபவர் கேட்ட 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், ஷால். தவறினால் வட்டி கட்ட வேண்டும், ஷால். சாவி வாங்க அழைத்தால் வந்து வாங்கியே ஆக வேண்டும், ஷால். பில்டர் பக்கம் திரும்பினால் காற்று மாறிவிடுகிறது. இன்ன தேதியில் ஒப்படைக்கலாம், மே. கார் நிறுத்த இடம் ஒதுக்கலாம், மே. கழிவுநீர் சுத்திகரிப்பு அமைக்கலாம், மே. வரைபடத்தை மாற்றலாம், மே. லிஃப்ட் பொருத்தமான கம்பெனியுடையதாக இருக்கலாம், மே. பில்டர் பெயருக்குப் பின்னால் சிவப்புக்கோடு விழுந்தது ஒரே ஒரு இடத்தில்தான். அங்கே ஷாலுக்குப் பக்கத்தில் நாட் இருந்தது: தாமதத்துக்குப் பில்டர் பொறுப்பாக மாட்டார்.

"என்ன சார், இவ்ளோ மிஸ்டேக்கா?" என்றார், கோடுகளைப் பார்த்து.

"ஒரு மிஸ்டேக்கும் இல்லம்மா. ரொம்பக் கவனமா எழுதியிருக்காங்க."

இந்த இரண்டு சொற்களின் பழைய பொருளை அவருக்குச் சொன்னேன். பழைய ஆங்கிலத்தில் ஷாலுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் அதன் சொந்தக்காரச் சொல்லான ஷுல்ட் இன்றும் கடனைக் குறிக்கிறது, குற்றத்தையும் குறிக்கிறது. மே வந்த வேர் வேறு. அதற்கு வலிமை உள்ளவன், முடிந்தவன் என்று பொருள். மைட் என்ற பலத்தைக் குறிக்கும் சொல்லும் அந்தக் குடும்பம்தான். ஷால் கடனாளியின் சொல், மே பலசாலியின் சொல். ஒப்பந்தத்தில் எது யார் பெயருக்குப் பின்னால் வருகிறது என்று பார்த்தாலே யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

நம் மொழியிலும் இது அப்படியே இருக்கிறது. பழைய அடமானப் பத்திரங்களில் செலுத்தக் கடவேன், ஒப்படைக்கக் கடவேன் என்று எழுதுவார்கள். கடவேன், கடமை, கடன் எல்லாம் ஒரே குடும்பம். தாத்தா காலத்துப் பத்திர எழுத்தருக்கு ஆங்கிலம் தெரியாது; ஆனால் ஷாலின் உள்ளே கடன் இருப்பது தெரிந்தவர்போலத்தான் எழுதியிருக்கிறார்.

மேக்கு நம்மிடம் லாம் இருக்கிறது. அதன் சங்கதி தெரியாத தமிழர் கிடையாது. பெண் பார்த்துவிட்டுப் போகிற மாப்பிள்ளை வீட்டார் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே "பாக்கலாம்" என்றால், பெண்ணின் அம்மா உள்ளே போய்ப் பஜ்ஜித் தட்டை எடுத்து வைத்துவிடுவார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் வீட்டு ஓனர் "தரலாம் தரலாம்" என்பார். அந்த இரட்டை லாமுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காமராஜர் சொன்னதாக ஊரெல்லாம் பேசும் "ஆகட்டும் பார்க்கலாம்" ஒன்றுதான் விதிவிலக்கு. அவர் பார்க்கலாம் என்றால் நடக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை சொல்லின் மீது வைத்ததில்லை, ஆளின் மீது வைத்தது.

மேல்மாடிப் பெண் மறுநாளே பில்டர் அலுவலகத்துக்குப் போனார். சேல்ஸ் மேனேஜர் நல்ல மாதிரி; காபி வாங்கிக் கொடுத்துப் பேசியிருக்கிறார். "மேடம், லீகல்ல மேன்னாலும் ஷால்னுதான் அர்த்தம். எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான். நாங்க ஏமாத்துவோமா?"

இதை அவர் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏறக்குறைய இதே வாக்கியம் அறுபது வருஷத்துக்கு முன்னால் டெல்லியில், நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது.

1950 ஜனவரி 26 முதல் 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும், அதன் பிறகு இந்தி மட்டுமே மத்திய அரசின் ஆட்சிமொழி என்பது அரசியல் சட்டம் போட்ட கணக்கு. கெடு 1965 ஜனவரியில் முடிய வேண்டும். 1959 ஆகஸ்டில் நேரு மக்களவையில் ஒரு வாக்குறுதி கொடுத்தார்: இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும், முடிவு அவர்கள் கையில். அந்த வாக்குறுதியைச் சட்டமாக்க 1963 ஏப்ரலில் ஆட்சிமொழிகள் மசோதா வந்தது. கொண்டுவந்தவர் அப்போதைய உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. மூன்றாவது பிரிவில் இருந்த வாக்கியம், 15 ஆண்டுக் கெடு முடிந்தாலும் இந்தியோடு சேர்த்து ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றது. அந்த லாம்தான் மே.

தி.மு.க. உறுப்பினர்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று தொடரலாம் என்று இருப்பதை, நாளை வரும் அரசு தொடராமலும் இருக்கலாம் என்று படிக்காதா? இந்த இடத்தில் மே என்பதை ஷால் என்றுதான் கொள்ள வேண்டும் என்று நேரு உறுதி சொன்னார். அப்படியானால் ஷால் என்றே எழுதிவிடுங்களேன் என்று திருப்பிக் கேட்டார்கள். அப்போது மாநிலங்களவையில் இருந்த அண்ணா அங்கே மசோதாவை எதிர்த்துப் பேசினார். மசோதா மேயோடுதான் சட்டமானது.

நேரு சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாட்டார் என்று அன்று பெரிதாக யாரும் நினைக்கவில்லை. பிரச்சினை, சட்டத்துக்கு நேருவைவிட ஆயுள் அதிகம். 1964 மே 27 அன்று அவர் காலமானார். அவர் சொன்ன அர்த்தம் அவரோடு போயிற்று. காகிதத்தில் இருந்த மே அங்கேயே இருந்தது. அடுத்த ஜனவரி வந்தபோது தமிழ்நாடு என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் அடுத்தடுத்த நாட்களில் தீக்குளித்தார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஒரு சொல்லுக்காக மட்டும் இத்தனையும் நடந்தது என்று சொன்னால் அது வரலாற்றைச் சுருக்குவதாகும். காரணங்கள் பல, 1937 வரை பின்னால் போகும் காரணங்கள். ஆனால் அத்தனை பயத்துக்கும் சட்டத்தில் கைவைத்துக் காட்டக்கூடிய இடம் என்று ஒன்று இருந்தது, அந்த மே.

1965 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவையிலிருந்து இரண்டு தமிழர்கள் ராஜினாமா செய்தார்கள். ஒருவர் சி. சுப்பிரமணியம். மற்றவர் ஓ.வி. அழகேசன். 1962 தேர்தலில் செங்கல்பட்டுத் தொகுதியில் ஜெயித்து மக்களவைக்குப் போனவர். இருவருமே காங்கிரஸ்காரர்கள். மே என்றால் ஷால் என்று சொன்ன கட்சிக்குள்ளேயே அதை எழுத்தில் கேட்கும் நிலை வந்துவிட்டது. அப்போது பிரதமராக இருந்த சாஸ்திரி, நேருவின் உறுதிமொழி நிற்கும் என்று வானொலியில் பேசினார். ராஜினாமாக்கள் பிறகு திரும்பப் பெறப்பட்டன.

சட்டத்தில் ஷால் வருவதற்கு 1967 டிசம்பர் ஆயிற்று. அதற்குள் சாஸ்திரியும் இல்லை, தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியும் இல்லை. திருத்தச் சட்டத்தைப் படித்தால் எங்கள் வேலைக்காரர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் படும். பழைய மேயை யாரும் அழிக்கவில்லை. அது இன்றும் மூன்றாவது பிரிவின் முதல் வாக்கியத்தில் அப்படியே இருக்கிறது. அதன் கீழே ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள்: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு வைக்கும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும், ஷால். தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள் போன்றவை இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும், ஷால். இந்தியை ஏற்காத அத்தனை மாநிலச் சட்டமன்றங்களும் ஆங்கிலம் போதும் என்று தீர்மானம் போட்டு, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதை ஏற்றுத் தீர்மானம் போடும்வரை இது நீடிக்கும். வாக்குறுதி கொடுத்தவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்கிற மாதிரி எழுதப்பட்ட வாக்கியம்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நேரு சொன்னதும், நம் சேல்ஸ் மேனேஜர் சொன்னதும் சட்டப்படி வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. மேயை ஷாலாகப் படிக்கும் வழக்கம் நீதிமன்றங்களில் உண்டு. 1880இல் இங்கிலாந்தில் ஜூலியஸ் என்பவருக்கும் ஆக்ஸ்போர்டு பிஷப்புக்கும் நடந்த வழக்கை வக்கீல்கள் இன்றும் சொல்வார்கள். அதிகாரம் தருகிற சொல்லோடு சில சமயம் கடமையும் ஒட்டிக்கொண்டு வரும் என்று அதில் பிரபுக்கள் சபை விளக்கியது. அந்த வழக்கில் என்னவோ பிஷப்புக்கு அந்தக் கடமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. அரசு ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கும்போது தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும், ஷால், என்கிறது அரசியல் சட்டத்தின் 320ஆவது பிரிவு. 1957இல் மன்போதன் லால் வழக்கில், கலந்தாலோசிக்காமல் எடுத்த நடவடிக்கையும் செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஷாலே மே மாதிரி ஆன கதை. இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் தென்னாப்பிரிக்கா 1996இல் எழுதிய அரசியல் சட்டத்தில் ஷாலை விட்டுவிட்டு மஸ்ட் போட்டது. அமெரிக்கா 2007இல் தன் சிவில் நடைமுறை விதிகளைத் திருத்தி எழுதியபோதும் ஷாலை வெளியேற்றியது.

ஆகவே மேயை ஷால் என்று படிக்க வைக்கலாம். அதற்கு ஒரு நீதிபதி வேண்டும், வக்கீல் வேண்டும், சில வருஷங்கள் வேண்டும், கையில் காசு வேண்டும். இவை இருப்பவருக்கு இரண்டு சொல்லும் ஒன்றுதான். மாதாமாதம் வாடகையும் இ.எம்.ஐ.யும் சேர்த்துக் கட்டப்போகிறவருக்கு எழுதிய சொல் மட்டும்தான் துணை.

இந்த விஷயத்தில் சட்டம் வாங்குபவர் பக்கமே இருக்கிறது என்பதையும் அவரிடம் சொன்னேன். 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், நாம் ரேரா என்கிறோமே, பில்டருக்குத்தான் வரிசையாக ஷால் போடுகிறது. பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அனுமதி பெற்ற வரைபடத்தில் ஒருவருடைய வீட்டை அவர் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது. சொன்ன தேதியில் வீட்டைக் கொடுக்காவிட்டால், வேண்டாம் என்பவருக்குப் பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். காத்திருப்பவருக்குத் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி தர வேண்டும். ஆனால் சொன்ன தேதி என்று ஒன்று இருந்தால்தானே தாமதம்? ஒப்பந்தத்தில் தேதிக்கு முன்னால் மே இருந்தால், அப்படித் தேதியே சொல்லவில்லை என்று வாதாட ஒரு சந்து கிடைத்துவிடும்.

"அப்போ என்ன பண்றது சார்?"

"சண்டை போடாதீங்க. கேள்வி வையுங்க."

எங்கள் ஏ.க்யூ. மாதிரியே ஒரு கடிதம் எழுதினோம். ஐந்து இடங்கள், ஐந்து கேள்விகள். மேனேஜர் சொன்னதையே மேலே எழுதினோம்: இந்த ஒப்பந்தத்தில் மே என்பதற்கு ஷால் என்றே பொருள் என்று தாங்கள் நேரில் தெரிவித்தீர்கள், நன்றி. ஆகவே கீழ்க்கண்ட இடங்களில் ஷால் என்றே திருத்தித் தருவதில் தங்களுக்குச் சிரமம் இராது என நம்புகிறோம். மெயிலில் அனுப்பிவிட்டு, ரிஜிஸ்டர் தபாலிலும் போட்டார்.

அவர் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவர் மாடிப்படியில் என்னைப் பார்த்து நின்றார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்பக் கேள்வி கேட்டா வேற ஆளுக்கு வித்துட்டுப் போயிடுவான். இந்த விலைக்கு ஸ்டேஷன் பக்கத்துல இனிமே வீடு கெடைக்காது." அவர் சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. கேள்வி கேட்பதற்கும் ஒரு விலை உண்டு. கேட்கச் சொல்கிறவர் அந்த விலையைக் கொடுப்பதில்லை என்று எனக்கும் தெரியும்.

மூன்று வாரம் பதில் இல்லை. அவர் தினமும் மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருத்திய ஒப்பந்தம் வந்தது. ஒப்படைக்கும் தேதி ஷாலாகிவிட்டது. கார் நிறுத்தும் இடம் எண்ணோடு ஷாலாகிவிட்டது. வரைபடம் மாற்றும் இடத்தில் மே இருந்தது, பக்கத்தில் சட்டத்துக்கு உட்பட்டு என்று சேர்த்திருந்தார்கள். சுத்திகரிப்பும் லிஃப்டும் பழைய மேயிலேயே நின்றன. ஐந்தில் இரண்டரை என்று வைத்துக்கொள்ளலாம். கடிதத்தின் அடியில் வேறு பெயர் இருந்தது. காபி வாங்கிக் கொடுத்த மேனேஜர் இன்னொரு கம்பெனிக்குப் போயிருந்தார்.

கையெழுத்துப் போடலாமா என்று என்னைக் கேட்டார்கள். அது என் வீடு இல்லை, என் நகையும் இல்லை. எது எழுதப்பட்டிருக்கிறது, எது எழுதப்படவில்லை என்று மட்டும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போட்டார்கள். கூடுவாஞ்சேரியில் பதிவு முடிந்து வரும்போது எங்கள் வீட்டுக்குக் கால் கிலோ மைசூர்பாகு வந்தது. கட்டடம் இப்போது மூன்றாவது மாடியில் இருக்கிறது. அந்தத் தேதி இன்னும் வரவில்லை.

அதன் பிறகு என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுகிறேன். ஆங்கிலம் முழுக்கப் புரிய வேண்டும் என்று இல்லை. இரண்டு கலர் பேனா போதும். மே, ஷால் இரண்டையும் கண்டுபிடித்து அடிக்கோடு போட வேண்டும், யாருடைய பெயருக்குப் பின்னால் வருகிறது என்று ஓரத்தில் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்: கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். லாம் வரும் இடத்தில் பெண் வீட்டுக்காரரின் காதை வைத்துக்கொண்டு கேட்டால் போதும்.

போன மாதம் கடைசி வருஷம் இன்ஜினீயரிங் படிக்கும் பையன் ஒருவன், கேம்பஸில் கிடைத்த முதல் வேலையின் ஆர்டரைக் கொண்டுவந்தான். வரும்போதே வீட்டில் இரண்டு கலரில் கோடு போட்டு எடுத்து வந்திருந்தான். பயிற்சிக்குப் பிறகு கம்பெனி அவனை நிரந்தரமாக்கலாம், நீலம். அவன் இரண்டு வருஷம் வேலை பார்க்க வேண்டும், இடையில் போனால் பணம் கட்ட வேண்டும், இரண்டும் சிவப்பு.

"அப்ப கையெழுத்துப் போட வேணாமா அங்கிள்?"

"அதுக்குள்ள ஏன் அப்படி முடிவு பண்ற? மொதல்ல கேளு. நிரந்தரமாக்கறதுக்கு என்ன தகுதி, எத்தனை மாசம்னு ஒரு மெயில் போடு. பதில் வரட்டும்."

"கேட்டா கோவிச்சுப்பாங்களா?"

"கோவிச்சுக்கலாம்" என்றேன். பையன் பேனாவை எடுத்து, சிரித்துக்கொண்டே காற்றில் நீலக்கோடு ஒன்று இழுத்தான்.